கூரைக்காரர் குடும்பத்தில் ஒரு புள்ளிக்கோடு

தலைமை நாற்காலியில் தளராமல் அமர்ந்து, அமர்ந்த நாற்காலியைத் தவறியும் பிறருக்குத் தாராமல் காத்துவரும் தலைவர் அவர்களே, என் பெரிய மாமனார் அவர்களே! வரவைச் சொல்லும்போது குரல் தாழவும் செலவைச் சொல்லும்போது குரல் ஓங்கவும் வரம் பெற்ற செயலாளர் அவர்களே, என் மனைவியின் ஒரே தம்பி அவர்களே! மேடையில் இடம் கிடைத்த களிப்போடும், கிடைத்த நாற்காலியின் கால் ஆடுகிற கலக்கத்தோடும் கைகட்டி வீற்றிருக்கும் துணைத்தலைவர்களே! முதல் வரிசையில் முழங்கால் வலியை மறைத்து முறுவலிக்கும் பெரியோர்களே! கடைசி வரிசையில் கைப்பேசிக்குள் கண்ணைப் புதைத்து, கைதட்டல் கேட்டால் மட்டும் கைதட்டும் கண்மணிகளே! எல்லாருக்கும் முன்னதாக வந்து, எல்லாருக்கும் பின்னதாகப் போய், இடையில் எல்லாரையும் அடக்கிவைக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் அடக்கமான, ஆனால் அத்தனை சுருக்கமில்லாத வணக்கம்.

கூரைக்காரர் என்ற குடும்பப் பெயரைச் சுமந்திருக்கும் நாமெல்லாரும் இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் சங்கத்தின் புதிய மண்டபத்திலே நம் குடும்ப மரத்தைத் திறந்துவைக்கக் கூடியிருக்கிறோம். மரம் என்றதும் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டாம். எனக்குப் பின்னால் தொங்குகிறதே நீலத் திரை, அதற்குப் பின்னால், சுவர் அகலத்துக்கு, பெயின்டரைக் கொண்டு வரைந்து வைத்திருக்கிறார்கள். மரம் என்றால் வேர் கீழே இருக்க வேண்டும் அல்லவா? நம் மரத்தில் மூதாதை உச்சியில் இருக்கிறார், போன மாதம் பிறந்த குழந்தை தரைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. செயலாளரிடம் கேட்டேன். “பெரியவங்கள கீழ போட்டா மரியாதையா இருக்குமா அத்தான்?” என்றார். மரியாதைக்காக ஒரு மரத்தையே தலைகீழாக நட்ட குடும்பம் நம்முடையது.

அந்தத் திரையின் கயிறு இதோ என் கையில் இருக்கிறது. “பத்து நிமிஷம் பேசிட்டு இழுத்துருங்க அத்தான்” என்பது எனக்கு இட்ட கட்டளை. பேசுகிறேன். இழுப்பதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

இத்தனை அறிஞர்கள் இருக்க, ஏலம் கூறிப் பிழைக்கிற என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று யாராவது கேட்கலாம். அங்கே ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார், காதில் விழுந்தது. ஐயா, காரணம் எளிது. இந்த மண்டபத்து மைக் எப்போது சாகும் என்று யாருக்கும் தெரியாது. அது செத்தாலும் என் தொண்டை சாகாது. பழைய பீரோவுக்கும் உடைந்த கட்டிலுக்கும் விலை கூறிக் கூறி வளர்ந்த தொண்டை இது.

எனக்குத் தந்த தலைப்பு, பெயரின் பெருமை. பேசுவோம் பெருமையை! பெயர் எங்கிருந்து வருகிறது? பெற்றோரிடமிருந்தா? பெட்டகத்திலிருந்தா? பேரேட்டிலிருந்தா? இல்லை ஐயா, தெருவிலிருந்து வருகிறது! எந்தப் பூட்டுக்காரரும் கண்ணாடி முன்னால் நின்று ‘இன்று முதல் நான் பூட்டுக்காரர்’ என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டதில்லை. சாவியைத் தொலைத்த எவனோ ஒருவன் தெருமுனையில் நின்று, “பூட்டுக்காரரே, ஓடியாங்க, அடுப்புல பால் இருக்கு!” என்று அலறினான். அடுத்த வாரம் வேறொருவன் அலறினான். அலறல் பழகியது. பழகியது பெயரானது. பெயரான பிறகு பிள்ளைக்கு வந்தது, பேரனுக்கு வந்தது, கடைசியில் வங்கியில் வேலை பார்க்கிற என் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது. அந்தப் பூட்டுக்காரர் போன மாதம் தன் வீட்டுக் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. சோப்பு நுரையோடு உள்ளிருந்து அவர் கத்த, வெளியிலிருந்து அவர் சம்சாரம், “பேர்ல மட்டும் பூட்டு தொங்குது, புண்ணியம் என்ன!” என்று கத்த, தெருவே கூடிக் கதவை உடைத்தது.

சிரிக்கிறீர்கள். மின்சார அலுவலகத்தில் இருக்கிறாரே மெழுகுக்காரர், அவரைக் கேளுங்கள். கரண்ட் போனதென்று போன் செய்கிறவர்கள் எல்லாரும், “அட, மெழுகுக்காரரா பேசுறது? அப்ப இன்னிக்கு வராது” என்று வைத்துவிடுகிறார்களாம். சந்தை முனையில் காய்க்கடை வைத்திருக்கிறாரே தராசுக்காரர், அவர் முப்பாட்டனார் செய்த தராசு இம்மியும் சாயாது என்று கடைப் பலகையிலே எழுதி வைத்திருக்கிறார். அவரிடம் வெங்காயம் வாங்கியவர்கள் கை தூக்குங்கள். போதும், போதும், கையை இறக்குங்கள்.

ஊரைச் சொல்வானேன், என்னையே சொல்கிறேன். நான் பிறந்தபோது என் குடும்பப் பெயர் ஆணிக்காரர். ஆம் ஐயா, எங்கள் முன்னோர் ஆணி அடித்துக் கொடுத்தவர்கள், வண்டிக்கும் வாசலுக்கும் படகுக்கும்! அந்தப் பரம்பரையில் வந்த நான் கல்யாணமான புதிதில் சுவரில் ஒரு படம் மாட்ட ஆணி அடித்தேன். அது அடுத்த வீட்டுக் குளியலறையில் தலை நீட்டியது. அந்த வீட்டம்மா இன்றுவரை என் மனைவியோடு பேசுவதில்லை. உண்மையில் என்னைத் தெருவில் யாரும் ஆணிக்காரரே என்று கூப்பிட்டதுமில்லை, கூரைக்காரரே என்று கூப்பிட்டதுமில்லை. ஏலக்காரரே என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அப்புறம் எப்படி நான் கூரைக்காரர் ஆனேன்? நம் குடும்ப வழக்கம் உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டிலே பெண் எடுத்தால் பெண்ணோடு பெயரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வீட்டுக்குப் பெண் கொடுத்தாலும் அப்படியே, மருமகள் தன் பழைய பெயரை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். பெண் கேட்டுப் போன அன்று தலைவர் அவர்கள், என் பெரிய மாமனார், என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்ன தொழில்?” என்றார். “ஏலம் கூறுறேன்” என்றேன். “பரவால்ல. பேர் என்ன?” என்றார். சொன்னேன். “அது ஒத்து வராது. பொண்ணு வேணும்னா நம்ம பேரும் வேணும்” என்றார். எனக்குப் பெண் வேண்டியிருந்தது! பதிவாளர் ஆபீசுக்குள் காலையில் ஆணிக்காரராய்ப் போனேன், டீ ஆறுவதற்குள் கூரைக்காரராய் வெளியே வந்தேன். யாரும் என் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அந்த வரிசையில் இருப்பவர்கள் வாளியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள், சொட்டு தலைவரம்மா சேலையில் விழுகிறது.

வாளி என்றதும் நினைவு வருகிறது. வெளியிலே தூறல், உள்ளேயோ மழை! ஏன்? வந்திருக்கும் விருந்தினர்களுக்குத் தெரிய வேண்டாமா? இந்த மண்டபம் கட்டியபோது கூரை வேய ஓர் ஆள் வந்தார். நல்ல தொழிலாளி. ஆனால் அவர் குடும்பப் பெயர் சாயக்காரர். செயற்குழு கூடியது, சிந்தித்தது, சீறியது. “கூரைக்காரங்க மண்டபத்துக்குச் சாயக்காரர் கூரை போடுறதா? ஊர் சிரிக்காதா?” என்று தீர்மானம் ஆனது. கூரைக்காரர் கூரையைக் கூரைக்காரரே வேய்வது! ஏறினார்கள் ஐயா, ஏறினார்கள்! காது டாக்டர் ஏறினார், இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஏறினார், பாட்டு வாத்தியார் ஏறினார், ஆடிட்டர்கள் இருவர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். “நீ பழைய ஆணிக்காரன்தானே, ஆணி அடி” என்று என்னையும் ஏற்றினார்கள். ஓடு வேய்கிறவர்கள் கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போவார்கள். அப்போதுதான் மேல் ஓடு கீழ் ஓட்டின் தலைமேல் படிந்து தண்ணீரை வெளியே தள்ளும். நாங்கள் உச்சியில் தொடங்கிக் கீழே வந்தோம். வழியில் போன ஒருவர், “ஏங்க, மேலேர்ந்து போடுறீங்களே?” என்று கேட்டதற்குக் காது டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? “மழை மேலேயிருந்துதானே வருது!” என்றார். இன்று ஒவ்வோர் ஓடும் தண்ணீரை இரு கையாலும் வாங்கி அடுத்த ஓட்டுக்கு அடியில் பத்திரமாகச் சேர்த்து நம் தலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. தொழில் ரத்தத்தில் இருக்கிறது என்று இன்னமும் சொல்கிறவர்கள் அந்த இரண்டாவது வாளிக்குப் பக்கத்தில் வந்து உட்காரலாம்.

துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. படிக்கிறேன். ‘நேரமாகிறது, திரையைத் திறக்கவும்.’ செயலாளர் கையெழுத்து அழகாக இருக்கிறது. மச்சான், இரு. உன் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன், உன் அக்காவிடம் காட்ட வேண்டும்.

அன்பு நிறைந்தவர்களே! ஏன் நான் இந்தக் கயிற்றை இழுக்கவில்லை? கை வலியா? கயிறு இறுக்கமா? இல்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். உங்களில் பாதிப் பேர் இன்று அவள் பஸ்ஸில்தான் வந்திருப்பீர்கள். நம் மண்டபத்து வழியாகப் போகிற நகரப் பேருந்தை ஓட்டுகிறாளே, காக்கிச் சட்டை, இறுகப் பின்னிய ஒற்றைச் சடை, அவள்தான். தலைவர் அவர்களே வாரம் தவறாமல், “டிரைவரம்மா, சங்கத்து வாசல்ல கொஞ்சம் நிறுத்தும்மா” என்று சொல்லி, ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் இறங்குகிறார். அவள் திட்டிக்கொண்டே நிறுத்துகிறாள்.

அவள் எங்களுக்குப் பிறந்தவள் அல்ல. இது ரகசியமும் அல்ல. ஆஸ்பத்திரியில் பெற்றவள் விட்டுவிட்டுப் போன குழந்தை. என் மனைவி அந்த வார்டில் நர்ஸ். யாரும் தேடி வரவில்லை. குழந்தை அழும்போதெல்லாம் இவள் தூக்கியிருக்கிறாள். தூக்கிப் பழகியவள் ஒருநாள் வீட்டுக்கு வந்து, “என்னங்க, அந்தப் பாப்பாவ வேற வார்டுக்கு மாத்தப் போறாங்களாம்” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மறுநாளே மனுப் போட்டோம். முறைப்படி, சட்டப்படி, கோர்ட்டுப்படி அவள் எங்கள் மகள். அவளுக்கே சின்ன வயதிலேயே சொல்லிவிட்டோம். “சரிம்மா, தோசைக்கல்லு கருகுது” என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள். மன்னிக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொடுங்கள்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே சிலர், “நீ நெஜக் கூரைக்காரி இல்லையாமே” என்று கேட்டார்கள். அன்று மட்டும் அழுதாள். அதற்குப் பிறகு எங்கே கையெழுத்துப் போட்டாலும் குடும்பப் பெயரை ஓர் எழுத்துக்கூடச் சுருக்காமல் போடுவாள். டிரைவர் பேட்ஜ் கிடைத்த அன்று அதில் இருந்த பெயரைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். இந்த மரம் வரையப் போகிறார்கள் என்று தெரிந்த நாள் முதல், “அப்பா, என் பேரு எந்தக் கிளைல வருது? உங்க பக்கத்துலயா, அம்மா பக்கத்துலயா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்றைக்குத் திரை திறப்பதைப் பார்ப்பதற்காகவே கூட வேலை பார்க்கிறவரிடம் கெஞ்சி ஷிப்டை மாற்றியிருக்கிறாள். கடைசி டிரிப்பை முடித்து, பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வருகிறாள். எந்த நிமிடமும் அந்தக் கதவு வழியாக உள்ளே வருவாள்.

நேற்று மாலை கயிறு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்தேன். திரையைத் தூக்கினேன். தேடினேன். கண்டேன். என் பெயர் இருந்தது, என் மனைவி பெயர் இருந்தது, இருவருக்கும் பளிச்சென்று கறுப்பில் நேர்க்கோடு இருந்தது. எங்களிடமிருந்து என் மகளுக்குப் போகிற இடத்தில் கோடு இல்லை. புள்ளி, புள்ளி, புள்ளி, புள்ளி. பெயின்டர் ஏணியில் நின்றார். “என்னங்க, பெயின்ட் தீந்துபோச்சா?” என்று கேட்டேன். “இல்லீங்க ஏலக்காரரே, அந்த ஒண்ண மட்டும் அப்படித்தான் போடச் சொன்னாங்க” என்றார். யார் சொன்னது? செயலாளர் சொன்னார். செயலாளர் யார்? வீட்டுக்கு வந்த நாள் முதல் அவளைத் தோளில் தூக்கித் திரிந்த தாய்மாமன்!

கோபமா எனக்கு? கோபமேதான். என் மனைவி நேற்று ராத்திரி, “நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?” என்று கேட்டாள். அவள் பேசினால் என்ன ஆகும் என்று அவள் கூடப் பிறந்தவனுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் நன்மைக்காகத்தான் நான் பேசுகிறேன்.

செயலாளர் எழுந்து நிற்கிறார். சொல் மச்சான், ஊர் கேட்கட்டும். “அது ரூலுங்க அத்தான்” என்கிறார். “ரத்தவழிக்கு நேர்க்கோடு, கல்யாணத்துக்கு நேர்க்கோடு, வளர்ப்புக்குப் புள்ளி. கமிட்டில பாஸ் ஆச்சு. எனக்கு மட்டும் ஆசையா?” என்கிறார். அப்படியா? அப்படியானால் எனக்கு ஏன் நேர்க்கோடு? என் உடம்பில் கூரைக்காரர் ரத்தம் ஒரு சொட்டு உண்டா? கொசு கடித்து மாறியிருந்தால்தான் உண்டு! “கல்யாணம்னா சட்டம் இருக்குல்ல அத்தான்” என்கிறார். தத்துக்கும் சட்டம் இருக்கிறதே மச்சான்! எனக்குப் பெயர் மாற்ற ஒரு டீ ஆறும் நேரம் போதும் என்றால், இத்தனை வருடம் இந்தப் பெயரைச் சொல்லி வளர்ந்தவளுக்கு ஏன் போதவில்லை?

சரி, மரத்தின் உச்சிக்கே போவோம். விழா மலரில் போட்டிருக்கிறார்கள், நம் முதல் கூரைக்காரர், மூலவர், முதன்மையான மூதாதை! அவர் யார்? எங்கிருந்தோ வந்தார். ஓர் ஏணியோடு வந்தார். ஒழுகுகிற வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள், கூரைக்காரரே, கூரைக்காரரே என்று. அந்தக் கூப்பாடே பெயரானது. அவர் தாய் யார்? தந்தை யார்? ‘தெரியவில்லை’ என்று நம் மலரே சொல்கிறது, தலைவர் அவர்களின் கட்டுரையிலேயே சொல்கிறது. மச்சான், மரத்தில் அவருக்கு மேலே என்ன கோடு போட்டிருக்கிறாய்? கேட்கவில்லை, சத்தமாகச் சொல். “மேல கோடே இல்ல அத்தான்” என்கிறார். கோடே இல்லாதவரிடமிருந்து தொடங்குகிறது நம் ரத்தத்தின் பெருமை! அவரிடம் யாராவது போய், ஐயா, உங்கள் ரத்தம் என்ன ரத்தம் என்று கேட்டிருந்தால், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார். நாம் எல்லாரும் அந்த ஊரில் பிறந்து, அங்கே ஒழுகிக்கொண்டிருப்போம்.

என் மகள் கதையையும் கேளுங்கள். தெருவெல்லாம் அவளை டிரைவரம்மா என்கிறார்கள். இன்னும் இருநூறு முந்நூறு வருடம் போகட்டும். டிரைவரம்மா குடும்பப் பெயர்ச் சங்கம் என்று ஒன்று வரும்! மண்டபம் வரும், மலர் வரும், மாலை வரும், மைக் வரும். ஸ்டீயரிங் எது, பிரேக் எது என்று தெரியாத ஒருவர் தலைவராய் இருப்பார். சாலையைக் கடக்கவே பயப்படுகிற ஒருவர் செயலாளராய் இருப்பார். எங்கள் டிரைவரம்மாவின் ரத்தம் எப்பேர்ப்பட்ட ரத்தம் என்று மார் தட்டுவார்கள். அங்கேயும் ஒரு கமிட்டி உட்கார்ந்து, யாரோ ஒரு பிள்ளைக்குப் புள்ளி வைக்கும். அவள் யாருக்குப் பிறந்தாள் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு சீட்டு. இது தலைவர் கையெழுத்து. ‘மாப்பிள்ளை, வீட்டு விஷயத்தை வீட்டில் பேசுவோம்.’ மாமா, வணங்கிச் சொல்கிறேன். வீட்டு விஷயத்தைச் சுவரில் எழுதியது நான் அல்ல.

தாய்மார்களே! இப்போது உங்களிடம் வருகிறேன். ரத்தம்தான் அளவு என்றால், அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா? இந்த மண்டபத்தில் கூரைக்காரராய்ப் பிறக்காமல், வெளியிலிருந்து வந்து இந்தப் பெயரை வாங்கிக்கொண்டவர்கள் யார் யார்? எழுந்து நில்லுங்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறேன். வேறு யாரும் இல்லையா? நான் ஒருவன்தானா? மருமகள்களே, மாப்பிள்ளைகளே, கூச்சம் என்ன?

இதோ, முதல் வரிசையில் ஒருவர் எழுகிறார். அட, தலைவரம்மா! பெரியத்தை, மெதுவாக, மெதுவாக. வாளியைப் பிடித்துக்கொண்டு எழாதீர்கள். என்ன சொல்கிறீர்கள்? மைக் அங்கே வராது, நானே சொல்கிறேன், எல்லாரும் கேளுங்கள். “ஏன், எனக்கும் புள்ளி வைங்களேன். இந்த வீட்டுக்கு நான் வந்தப்ப என் உடம்புலயும் உங்க ரத்தம் இல்ல. நாலு புள்ளைய பெத்துக் கொடுத்தேன். அதுல பாதி என் ரத்தம். அப்ப அதுங்களுக்குப் பாதிக் கோடு போடுங்க” என்கிறார். தலைவர் அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். நன்றாகத் துடையுங்கள் மாமா, இன்னும் நிறையப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் பின்னால் பாருங்கள். காது டாக்டரின் மனைவி எழுந்துவிட்டார். பாட்டு வாத்தியார், நீங்களும் வெளியாளா? இத்தனை நாள் தெரியாதே, வாருங்கள்! ஆடிட்டர் வீட்டு மருமகள்கள் இருவரும் எழுந்துவிட்டார்கள். துணைத்தலைவர்கள் இருவர் ஆடுகிற நாற்காலியை விட்டு எழுகிறார்கள். மச்சான், மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பாதே. உன் மனைவி எழுந்து இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். திரும்பாதே என்றேனே!

மண்டபத்தில் பாதி எழுந்து நிற்கிறது. உட்கார்ந்திருக்கிற மீதியைப் பெற்றவர்களும் இப்படி எங்கிருந்தோ வந்தவர்கள்தான். பெற்றவர் வெளியாள், வளர்த்தவர் வெளியாள், சமைத்தவர் வெளியாள், சண்டை போட்டவர் வெளியாள், முதன்முதலில் ஏணியோடு வந்தவரே வெளியாள். இந்த வெளியாட்கள் எல்லாரும் சேர்ந்துதான் கூரைக்காரர் குடும்பம். இதில் ஒருத்திக்கு மட்டும் புள்ளியா? ஒரே ஒருத்திக்கு மட்டுமா? கதவு வழியாக ஆசையோடு வருகிறவளுக்கா?

என் தொழில் எனக்குத் தெரியும். ஏலம் போடுகிறேன். இதோ சரக்கு, ஒரு புள்ளிக்கோடு! புத்தம் புதியது, நேற்றுத்தான் வரைந்தது, கமிட்டியில் பாஸ் ஆனது! இந்தக் கோடு வேண்டும், இது இருந்தே ஆக வேண்டும் என்று கேட்பவர் யாராவது உண்டா? கை தூக்குங்கள், வாய் திறவுங்கள். ஒரு தரம்! மேடையில் யாராவது? இரண்டு தரம்! மச்சான், கமிட்டி சார்பில்? தலையை ஆட்டாதே, வாயால் சொல். “வேணாம் அத்தான். எனக்கும் நேத்துலேர்ந்து தூக்கமில்ல” என்கிறார். கேட்டீர்களா? அவனும் மனிதன்தான். இரண்டு தரம்! தலைவர் அவர்களே?

தலைவர் எழுகிறார். அமைதி, அமைதி, சொல்கிறார். “ஏலம் போதும் மாப்பிள்ளை. பிரஷ் எங்க?” என்கிறார். மூன்று தரம்! கேட்பாரில்லை, ஏலம் முடிந்தது! பெயின்டர் ஐயா, பெயின்டர் ஐயா, பின்வரிசையில் தூங்காதீர்கள், பிரஷும் கறுப்பு டப்பாவும் கொண்டுவாருங்கள். “குடுங்க, நான் போட்டுத் தரேன்” என்கிறார் பெயின்டர். வேண்டாம் என்கிறார் தலைவர். “நான் கையெழுத்துப் போட்டுத்தான் புள்ளி வந்தது, நானே போடுறேன்” என்கிறார். மாமா, அது கீழே இருக்கிறது, முழங்கால் உயரத்தில். குனிய வேண்டும். கேட்கமாட்டேன் என்கிறார். திரைக்குள் போய்விட்டார். செயலாளர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார். திரைக்குக் கீழே பாருங்கள், இரண்டு ஜோடிக் கால்கள். ஒரு ஜோடி முழங்காலிடுகிறது. யாரும் சிரிக்காதீர்கள், அந்த முழங்காலுக்கு டாக்டர் மடக்கவே கூடாதென்று சொல்லியிருக்கிறார்.

நிற்கிறவர்கள் உட்காரலாம். இல்லை, நிற்கிறீர்களா? நில்லுங்கள். தொண்டை ஒத்துழைக்க மறுக்கிறது, மைக் நன்றாக வேலை செய்கிறது, இரண்டும் எனக்கு வழக்கமில்லாதவை. வந்துவிட்டார்கள். தலைவர் சட்டைக் கையெல்லாம் கறுப்பு. மச்சான், உன் மூக்கிலும் இருக்கிறது. பரவாயில்லை, இருக்கட்டும்.

அந்தக் கதவருகே சத்தம். வழி விடுங்கள், வழி விடுங்கள். வா அம்மா, வா. காக்கியைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கிறாய். எல்லாரும் ஏன் நிற்கிறார்கள் என்று பார்க்கிறாயா? உனக்காகத்தான் காத்திருந்தோம். மேலே வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. பெரியோர்களே, தாய்மார்களே, இதோ கயிற்றை இழுக்கிறேன்!

திறந்தாயிற்று. கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். தேடுகிறாள். அங்கே இல்லை கண்ணு, இன்னும் கீழே. உங்கம்மா பேருக்கு நேர் கீழே. கண்டுபிடித்துவிட்டாள். உட்கார்ந்து கோட்டின் மேல் விரல் வைக்கிறாள். விரலைத் திருப்பிப் பார்க்கிறாள். விரலில் கறுப்பு. இப்போது தலைவரின் சட்டைக் கையைப் பார்க்கிறாள். தாய்மாமன் மூக்கைப் பார்க்கிறாள். நிற்கிற உங்கள் எல்லாரையும் பார்க்கிறாள். என்னம்மா? ஏதாவது சொல்ல வேண்டுமா? இந்தா, மைக்கைப் பிடி.

“ஒண்ணும் இல்லப்பா. காயட்டும்.”

கேட்டீர்களா? காயட்டும் என்கிறாள் என் மகள். எனவே அன்பு நிறைந்த தலைவர் அவர்களே, சான்றோர்களே, தாய்மார்களே, நின்றவர்களே, நிற்காதவர்களே! சுவரில் பெயின்ட் ஈரமாக இருக்கிறது. அருகில் வந்து பாருங்கள், ஆசை தீரப் பாருங்கள், ஆனால் அந்தக் கோட்டின்மேல் இனி யாரும் கை வைக்க வேண்டாம். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.